கமலாவின் இடுப்பு வலி

12.1.1999, செவ்வாய்

கீமோ கொடுத்ததில் கமலாவின் ரத்தத்தில் வெள்ளையணுக்கள் மிகவும் குறைந்துவிட்டன. அவற்றைக் கூட்ட ஊசி போடுகிறார்கள். எலும்பு வலித்தால் உள்ளே புது அணுக்கள் உருவாகின்றன என்று அர்த்தமாம், டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து, ஆபீஸ் விட்டுச் சரோஜினி நகரில் பஸ் இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததும் அதைத்தான் கேட்கிறேன்.

"வலிக்குதா கமலா?"

"இல்லீங்க."

ஊசி போட்ட நாட்களைக் காலண்டரில் மறுபடி எண்ணிப் பார்ப்பேன்.

இன்று நான் கேட்பதற்கு முன்பே ரஜாய்ப் போர்வையை விலக்கி, "இடுப்பு விட்டுப்போகுதுங்க" என்றாள்.

"அப்பாடா!" என்றேன்.

என்னையே பார்த்தாள். "நான் வலிக்குதுங்கறேன். நீங்க என்னமோ பிரமோஷன் வந்த மாதிரி சிரிக்கறீங்க."

வெந்நீர்ப் பையால் ஒத்தடம் கொடுத்தேன். "இப்பத் தேவலைங்க" என்று சொல்லித் தூங்கிவிட்டாள்.

வலி போய்விட்டதே என்று நான் விழித்துக்கொண்டிருக்கிறேன்.