ஊசி விலகினால் மேலே ஏறு

மே 14

ஃபெயில். வேறு நல்ல வார்த்தை தேடவில்லை.

ஐ.ஆர். தேர்வு. மேகத்துக்குள் வெளியே எதுவும் தெரியாமல், கருவிகளை மட்டும் நம்பி ஓட்ட அனுமதி. இது இல்லாமல் எந்த விமானக் கம்பெனியும் என்னை வாசலில்கூட நிற்கவிடாது. இன்று எல்லாம் சரியாகப் போய், இறங்கும்போது போனது.

தலையில் ஹூட் என்கிற மறைப்பை மாட்டிவிட்டால் வண்டிக் குதிரை மாதிரி முன்னால் இருக்கும் கருவிப் பலகை மட்டும்தான் தெரியும். அதில் இரண்டு ஊசி. ரன்வே இடமா வலமா என்று ஒன்று சொல்லும், உயரமா தாழ்வா என்று இன்னொன்று. இரண்டும் நடுவில் நின்றால் சரியான பாதை. இன்று இடவல ஊசி ஓரத்துக்கே ஓடிவிட்டது. அந்த இடத்திலேயே விட்டுவிட்டு மேலே ஏறி, சுற்றிவந்து மறுபடி இறங்கவேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் விட மனசு வரவில்லை. பிடித்துவிடலாம், பிடித்துவிடலாம் என்று துரத்திக்கொண்டே கீழே போனேன். தேர்வாளர் விமானத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"உனக்குத் திரும்பத் தெரியலை, வினிதா" என்றார் பயிற்சி தரும் எழில்மதி மேடம்.

தெரியாதுதான். ப்ளஸ் டூ முடித்ததும் நர்சிங் போ என்றார்கள், திரும்பவில்லை. முதல் தடவை தனியாகப் பறந்து இறங்கி வாந்தி எடுத்தேன், அப்போதும் திரும்பவில்லை. திரும்புகிறவளாக இருந்தால் இங்கே வந்தே இருக்கமாட்டேன்.

மே 19

ஊருக்கு வந்துவிட்டேன், கோட்டுச்சேரிமேடு. மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையில், ஆம்பிளைகளெல்லாம் வீட்டில். என்னைப் பற்றிப் பேச ஊருக்கு நேரம் கொட்டிக்கிடக்கிறது. பிளேன் ரிப்பேரா என்று ஒருத்தர் கேட்டார். ஆமா, உங்க வீட்டுக் கூரையிலதான் நிக்குதுன்னு சொல்லிவிட்டு வந்தேன்.

மே 22

பெரியப்பா தர்மலிங்கம் வந்தார். அப்பாவின் அண்ணன். அப்பா கடலுக்குப் போகும் படகு அவர் பெயரில் இருக்கிறது, அதனால் வீட்டில் பேச்சும் அவருடையது. கூடவே ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர். துறைமுகத்தில் வேலை பார்க்கும் ஆனந்தராஜ் வீட்டில் என்னைக் கேட்கிறார்களாம். அப்பா வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

"பறந்தது போதும். அதான் கீழ எறக்கி விட்டுட்டானுவள்ல" என்றார் பெரியப்பா.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. எல்லார் முன்னாலும் சொன்னேன்: "இன்னும் ஒரே தடவ. அதுலயும் போச்சுன்னா தட்டு மாத்திக்கிங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

யாரும் என்னிடம் இதைக் கேட்கவில்லை. நானாகக் கொடுத்தேன். பெரியவர்கள் திருப்தியாக எழுந்து போனார்கள். ஊர் முன்னால் சொன்ன வார்த்தையை இங்கே யாரும் திரும்ப வாங்குவதில்லை. வாய்தவறிச் சொன்னதற்காகப் பெண் கொடுத்தவர்கள்கூட உண்டு.

மே 23

கோபம் வந்தால் என்னையே ஏன் பந்தயம் வைக்கிறேன்?

ஜூன் 5

மீன் பெட்டியின் தெர்மாகோல் மூடியில் கருவிகளை வரைந்து ஒட்டி, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஓட்டுகிறேன். காலையில் வெளியூர் மீன் வாங்கி விற்கக் கிளம்பின அம்மா மூடியைக் கேட்டாள். உயரம் காட்டுகிற கருவி அதில்தான் இருக்கிறது, தரமுடியாது என்றேன். "அப்ப மீனு வெயில்ல பறக்கட்டும்" என்று சாக்கைப் போட்டு மூடிக்கொண்டு போனாள்.

ஜூன் 8

ஆனந்தராஜைக் கடற்கரைச் சாலையில் பார்த்தேன். நான் ஃபெயிலாகவேண்டும் என்று அவர் வேண்டிக்கொள்ளவில்லையாம், அதைச் சொல்லத்தான் நிறுத்தினாராம். வேண்டிக்கொண்டாலும் ஆகமாட்டேன் என்றேன். சிரித்தார். நல்ல மனுஷன். கெட்டவனாக இருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்.

ஜூன் 21

மாங்கனித் திருவிழாவுக்கு இருந்துவிட்டுப் போ என்று அம்மா கெஞ்சினாள். இருக்கவில்லை. பயிற்சிப் பள்ளிக்குத் திரும்பிவிட்டேன். மேடம் ஒவ்வொரு கருவியாக மூடிவைத்து ஓட்டச் சொல்கிறார். சட்டை பிழிந்தால் தண்ணீர் வரும்.

ஜூலை 3

மறுதேர்வு. காற்று மோசம். அதே தேர்வாளர்.

இறங்கும்போது பாதிவரை இரண்டு ஊசியும் நடுவிலேயே நின்றன. பிறகு ஒரு மோது மோதியது. இடவல ஊசி நகர ஆரம்பித்தது. திருத்தினேன். நிற்கவில்லை. அனுமதித்த எல்லையைத் தாண்டிவிட்டது.

"கொஞ்சந்தான். பிடிச்சிடலாம், போ" என்றார் அவர்.

எனக்கும் அதே ஆசைதான். கையெல்லாம் அதே ஆசை. இது கடைசித் தடவை. இதை விட்டால் தட்டு, வெற்றிலை, பெரியப்பாவின் சிரிப்பு — எல்லாம் ஒரு நொடியில் வந்து போனது.

"இல்ல சார். போகலை. மேல ஏறுறேன்."

முழு விசை கொடுத்து மூக்கைத் தூக்கினேன். அவர் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். போச்சு என்று நினைத்தேன். அழுகை வரும் என்று பார்த்தால் வரவில்லை. சுற்றிவரும்போது ஒன்று உறைத்தது: தப்பான பாதையில் இறங்குகிறாய் என்றால் விட்டுவிட்டு ஏறு — இது விமானத்துக்கு மட்டும் எழுதின விதியா? கோபத்தில் ஒரு வார்த்தை விட்டேன். தப்பு என்று தெரிந்தும், சொல்லிவிட்டோமே என்று துரத்திக்கொண்டு கீழே போகிறேன். எதுக்கு? யாருக்காக?

மறுபடி வந்தபோது ஊசிகள் நின்றன. இறங்கினேன். முடிவு மாலையில் என்று சொல்லிவிட்டுத் தேர்வாளர் போய்விட்டார்.

மாலைவரை காத்திருக்கவில்லை. அப்பாவுக்கு ஃபோன் போட்டு, பெரியப்பாவிடம் கொடுக்கச் சொன்னேன்.

"பாஸா ஃபெயிலான்னு இன்னும் தெரியாது பெரியப்பா. எதுவா இருந்தாலும் தட்டு மாத்த வேணாம். அன்னக்கிச் சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன்."

"ரிசல்ட் வந்த பெறவு பேசு."

"வந்த பெறவு பேசுனா அது தைரியம் இல்ல பெரியப்பா."

வைத்துவிட்டார்.

மாலை: பாஸ். இறங்கினதைப் பற்றித் தேர்வாளர் ஒரு வார்த்தை பேசவில்லை. போ என்று சொன்னபோது போகாததற்குத்தான் இது என்றார்.

ஜூலை 7

வீடு. அதே பெரியப்பா, அதே இரண்டு பெரியவர்கள். அவர்களில் மூத்தவர் நல்லபடியாக முடித்துவைக்கப் பார்த்தார். பொண்ணு ஜெயிச்சுட்டா, வார்த்தையும் நின்னுச்சு, யாருக்கும் குறைவில்லை என்றார். பெரியப்பாகூடத் தலையாட்டினார். நான் பேசாமல் இருந்தால் எல்லாருக்கும் சௌகரியம்.

"இல்லைங்க. ஃபெயிலாயிருந்தாலும் கட்டிக்க மாட்டேன்னுதான் சொன்னேன்" என்றேன்.

பெரியப்பா முகம் கறுத்துவிட்டது. ஊர் முன்னால் பேசினதற்கு என்ன மரியாதை என்று அப்பாவைப் பார்த்துக் கத்தினார். அப்பா தலையைக் குனியப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"அவ ரிசல்ட்டுக்கு முன்னாடியே சொல்லிட்டாண்ணே. ஒங்ககிட்டதான் சொன்னா" என்றார் அப்பா.

பெரியப்பா எழுந்து போய்விட்டார். நாளைக்குக் கடலுக்கு வா என்று அப்பாவிடம் சொல்லச் சாயங்காலம் எப்போதும் ஆள் அனுப்புவார், இன்று அனுப்பவில்லை. அப்பா கேட்கவும் போகவில்லை.