இருபத்து மூன்றாவது பாட்டை நீதான் எடுக்க வேண்டும்

அன்பு மகள் ரொவீனாவுக்கு, வடகரையின் ஒரே பேஸ் கிடார் சக்கரவர்த்தியும், சேற்று நண்டுகள் பெயரைக் கேட்டாலே வளைக்குள் ஓடி ஒளியும் மாவீரனும், உன் அப்பாவின் கூடப்பிறந்த தம்பியுமான கிளெமென்ட் சித்தப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை ஓடவில்லை. பாதிப் பேர் நலம், அந்தப் பாதியில் நான் இருக்கிறேன். நீ அங்கே நலமா, ஹோபார்ட்டில் குளிர் தொடங்கிவிட்டதா, முதியோர் இல்லத்துக் கிழவிகள் உன்னை இன்னும் எத்தனை தரம் பெயர் கேட்கிறார்கள்? சித்தப்பாவுக்குத் திடீரென்று கடிதம் எழுதும் ஆசை எப்படி வந்தது, போன் இல்லையா என்று நினைப்பாய். போன் இருக்கிறது. ஆனால் நோரீன் பெரியம்மா வீட்டில் நீ பேசினால் பதினொரு பேர் லவுட் ஸ்பீக்கரில் கேட்கிறோம், நாய்களையும் சேர்த்தால் பதினேழு. இது ஒரு ஜோடிக் காதுக்கு மட்டும் சொல்ல வேண்டியது. கையால் எழுதி, நாளை காலை ரேஞ்சர் அலுவலகம் திறந்ததும் மெர்லின் படமெடுத்து உனக்கு அனுப்புவாள்.

மழை இன்னும் விடவில்லை. என் முதுகில் பாசி பிடித்துவிட்டது, போன வாரம் அதில் ஒரு தவளை குடும்பம் நடத்த வந்து வாடகை பேசியது. சாலை மூழ்கிக் கிடக்கிறது, சரக்குப் படகு இரண்டு வாரமாக வரவில்லை, கடையில் இருப்பது பீட்ரூட் டின் மட்டும், ஊரே சிவப்பாகச் சிரிக்கிறது. உன் அண்ணன் பெயரையே வைத்திருந்தாரே பட்டறைக்காரர், இறந்தவன் பெயரை யாரும் வாயில் எடுக்கக் கூடாதே, அதனால் அவரை இப்போது எல்லோரும் ஸ்பானர் என்றுதான் கூப்பிடுகிறோம், அவரும் பழகிவிட்டார். அவன் நிம்மதியாகப் போகட்டும் என்று பழைய வீட்டுக்குப் புகை போட்டுப் பூட்டியாயிற்று. உன் அம்மா நோரீன் வீட்டு முன்னறையில் இருக்கிறாள். வீட்டைப் பூட்டியதும் அம்மா இடம் மாறியதும் நீ இருக்கும்போதே நடந்தவை. அதற்குப் பிறகு நடந்ததுதான் உனக்குத் தெரியாது. உன்னிடம் சொல்லக் கூடாது என்று அம்மாவின் உத்தரவு, பிள்ளை தூரத்தில் கிடந்து தவிக்கும் என்று. அந்த உத்தரவை இதோ மீறுகிறேன்.

நீ விமானம் ஏறின மறுவாரம் அம்மா என்னைக் கூப்பிட்டு, "தம்பி, அந்தப் பெட்டியில இருக்கற அவன் குரலையெல்லாம் எடுத்துடு, வெயில் காலம் வந்து நாங்க சொல்ற வரைக்கும் அது யார் காதுலயும் விழக் கூடாது" என்றாள். துக்க காலத்து முறை அதுதானே. ஒளிநாடாக்களையும் சுவரில் இருந்த படங்களையும் ஏற்கெனவே துணி சுற்றி வைத்தாயிற்று, பாட்டுதான் பாக்கி. நீ வாங்கித் தந்த ஸ்பீக்கர், என் போன், நோரீன் போன், டிரக், கிளினிக்கில் அம்மா வைத்துக் கேட்கிற தொடுதிரைப் பலகை எல்லாம் உன் ஒரே பாட்டுக் கணக்கில் ஓடுவதால், ஓரிடத்தில் எடுத்தால் போதும் என்று நினைத்தேன். மகளே, சமுத்திரத்தைக் கரண்டியால் இறைத்தவன்கூட என்னைப் பார்த்துப் பரிதாபப்படுவான். நாலாயிரம் பாட்டு! பன்னிரண்டு வருடமாக ஆறு போன்காரர்கள் சேர்த்த குப்பை! 'நண்டுக்குப் போகும்போது' என்று ஒரு பட்டியல், 'துணி துவைக்க' என்று ஒன்று, 'நோரீன் கோபமாக இருந்தால்' என்று ஒன்று, அதில் நூற்று எண்பது பாட்டு. மூன்று நாள் ரேஞ்சர் அலுவலகத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கூடைப்பந்துக் கொட்டகையில் நம் பாட்டுக் குழு பதிவு செய்த பாட்டு மொத்தம் இருபத்து மூன்று, அத்தனையிலும் அவன் குரல். ஒன்றைக்கூடக் கேட்காமல் பெயரை மட்டும் பார்த்து இருபத்து மூன்றையும் எடுத்துவிட்டு, வேலை முடிந்தது அண்ணி என்று ராணுவ வணக்கம் வைத்தேன்.

மறுநாள் நோரீன் கழுவும் தொட்டியில் நின்றுகொண்டு ஏதாவது பாட்டுப் போடு என்று ஸ்பீக்கரிடம் சொல்லியிருக்கிறாள். அது அவனைப் போட்டது. நோரீன் கையில் இருந்த தட்டு விழுந்தது, அம்மா முன்னறையில் கேட்டுவிட்டாள். நான் ஓடிப்போய்ப் பார்த்தால் நான் எடுத்த இருபத்து மூன்றும் பழைய இடத்திலேயே உட்கார்ந்திருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு பச்சை இதயம். என் விரல் தடிமன், தப்பாக அழுத்தியிருப்பேன் என்று சொல்லிச் சிரித்து மறுபடி எடுத்தேன். பெரியம்மாக்கள் மூவர் ஸ்பீக்கரை முற்றத்துக்குக் கொண்டுபோய்ப் பச்சிலையில் புகை போட்டார்கள், அது இருமியது என்று நான் சத்தியம் செய்தேன், எல்லோரும் கொஞ்சம் சிரித்தார்கள். அன்று சிரித்ததோடு சரி. இரண்டு நாள் கழித்து விறகுக்குப் போன டிரக்கில் அவன் வந்தான். கணக்கைத் திறந்து பார்த்தேன், இருபத்து மூன்றும் திரும்ப வந்திருந்தன. மூன்றாம் தரம் எடுத்தேன். இப்போது எனக்கே கழுத்தின் பின்னால் மயிர் நின்றது, மகளே. நான் முதலையின் வாய்க்குள் விழுந்த தொப்பியை எடுத்துத் திரும்பப் போட்டுக்கொண்டவன். ஆனால் அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

போன புதன்கிழமை கிளினிக்கில், ரத்தம் சுத்தப்படுத்தும் நாற்காலியில் அம்மா உட்கார்ந்து, கையில் ஊசி ஏறி, எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. வழக்கம்போல் பலகையில் தேவாலயப் பாட்டுப் பட்டியல். பட்டியல் முடிந்தது. முடிந்தால் இந்தக் கணக்கு தானாகவே எதையாவது எடுத்துப் போடும், உனக்கே தெரியும், எது அதிகமாகக் கேட்கப்பட்டதோ அதை. அவன் வந்தான். அவள் காதில், அந்த நாற்காலியில். அம்மா கத்தவில்லை. ஊசியைக் கழற்றச் சொல்லி நர்ஸ் பிரிஜிட்டிடம் கையை நீட்டினாள், எழுந்து வெளியே வந்து மழையில் வேலிப் பக்கம் நின்றாள். நான் குடையோடு போனேன். "மூணு தரம் கூப்பிட்டுட்டான் தம்பி. சமையலறையில கூப்பிட்டான், வண்டியில கூப்பிட்டான், இப்ப நான் எங்க உக்காரணும்னும் காட்டிட்டான். அந்த நாற்காலியில உக்காந்துதான் நான் போவேன். இனி அதுல உக்கார மாட்டேன்" என்றாள்.

வெள்ளிக்கிழமை போகவில்லை. இன்று திங்கள், இன்றும் போகவில்லை. கால் வீங்கிவிட்டது, செருப்பு நுழையவில்லை, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தே இருக்கிறாள். பிரிஜிட் இரண்டு தரம் வீட்டுக்கு வந்து கெஞ்சிவிட்டாள். வாசலில் என்னிடம் தாழ்ந்த குரலில், "புதன்கிழமையும் விட்டுட்டா நான் ஆஸ்பத்திரி விமானத்தைக் கூப்பிடணும் கிளெமென்ட், அதுலயும் அவங்க ஏறணுமே" என்றாள். இந்தப் பத்தியில் ஒரு வார்த்தைகூடப் புளுகு இல்லை. கணக்கில் இருந்து பலகையை வெளியேற்றிவிட்டேன், ஸ்பீக்கரைப் பிடுங்கி அலமாரியில் போட்டுவிட்டேன் என்று அம்மாவிடம் சொன்னேன். "பொட்டிய அணைச்சா அவன் போயிடுவானா?" என்று கேட்டாள்.

இன்று பகல் மெர்லின்தான் கண்டுபிடித்தாள். என் அத்தை மகள் என்பதால் என்னை முட்டாள் என்று சொல்ல அவளுக்குப் பிறப்புரிமை. எடுத்தது திரும்பி வருகிறது என்றால் யாரோ திரும்பப் போடுகிறார்கள், அதுகூடத் தெரியாதா உனக்கு என்று என்னை நகர்த்திவிட்டு, கணக்கின் உள்பக்கம் போய் எந்தப் போனில் எது எப்போது ஓடியது என்கிற பட்டியலைத் திறந்தாள். வேலை நாள் ஒவ்வொன்றிலும் உங்கள் ஊர் நேரப்படி பன்னிரண்டரை மணிக்கு, ஒரு போன். ஹோபார்ட். ஒரே பாட்டு ஒரே மதியத்தில் ஒன்பது தரம். அந்த ஊரில் இந்தக் கணக்கு ஓடுகிற போன் உன்னுடையது ஒன்றுதான். மெர்லின் வாயைத் திறந்தால் அவளுடைய அடுத்த பிறந்தநாளுக்கு நான் பாடுவேன் என்று மிரட்டி வைத்திருக்கிறேன், அவள் யாரிடமும் சொல்ல மாட்டாள்.

நான் எடுக்க எடுக்க நீ போட்டிருக்கிறாய். ஏதோ குழந்தை போனை வைத்து விளையாடுகிறது என்று நினைத்திருப்பாய். மதியச் சாப்பாட்டு வேளையில், யாரும் இல்லாத இடம் பார்த்து, காதில் மாட்டிக்கொண்டு. திட்டுவதற்கு எழுதவில்லை மகளே. முறை தெரியாதவள் இல்லை நீ, தெரிந்தேதான் செய்தாய், ஏன் செய்தாய் என்பதும் எனக்குத் தெரியும். இங்கே எங்களுக்கு அழுவதற்கு நாற்பது பேர், சேர்ந்து உட்காரப் பாய், ஆற்றங்கரை. உனக்கு அங்கே ஒரு அறை, ஒரு போன். அவன் மைதானத்தில் விழுந்து உயிர்விட்டபோது நீ பக்கத்தில் இல்லை, அதையும் சுமந்துகொண்டு திரிகிறாய். ஆனால் குரல் கேட்கிற பக்கம்தான் அவன் நிற்பான், அது உனக்கும் தெரியும். நாங்கள் அவனை அவன் நிலத்துக்கு அனுப்ப வழியெல்லாம் புகை போட்டுக்கொண்டிருக்கிறோம், நீ அங்கிருந்து தினமும் பன்னிரண்டரைக்குக் கூப்பிடுகிறாய். அவன் நடுவில் நிற்கிறான். இங்கே சாதாரண மழைக்கே இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டவன், அந்தக் குளிரில் உன் வாசலில் அவனை நிறுத்தி வைக்கலாமா?

அம்மாவிடம் நானே சொல்லிவிடலாம் என்று மத்தியானம் போனேன். பாட்டைத் திரும்பப் போட்டது ஆவி இல்லை அண்ணி, அது ஆள் செய்த வேலை என்று தொடங்கினேன், உன் பெயரைச் சொல்லவில்லை. அவள் என் கன்னத்தைத் தட்டி, "நீ நல்லவன் தம்பி, என்னத் தேத்தறதுக்குச் சொல்றே. சுறாவோட சீட்டாடி ஜெயிச்சேன்னு சொன்னவன்தானே நீ" என்று சிரித்தாள். ஐம்பத்தெட்டு வருடம் புளுகினேன் ரொவீனா, ஊரைச் சிரிக்க வைத்தேன், அதில் எனக்குப் பெருமை வேறு. இன்று உண்மையைக் கொண்டுபோய் அவள் முன்னால் வைக்கிறேன், அதையும் கதை என்று வாங்கி மடியில் வைத்துக்கொள்கிறாள். இந்த ஊரில் மெர்லின் சொன்னாலும் நான் சொல்லிக் கொடுத்தது என்பாள். நீ சொன்னால் மட்டும்தான் நம்புவாள்.

புதன்கிழமை இங்கே காலை எட்டு மணிக்கு, உனக்கு ஒன்பதரை, நோரீன் போனுக்குக் கூப்பிடு. வீட்டில் மற்ற எல்லோரையும் ஆறு நாய்களையும் நண்டு பிடிக்க ஓடைக்குக் கூட்டிப் போய்விடுகிறேன், படகின் அளவில் ஒரு நண்டைப் பார்த்ததாக இன்றே கதை கட்டிவிட்டேன், எல்லோரும் கூடையோடு காத்திருக்கிறார்கள். வீட்டில் அம்மா மட்டும் இருப்பாள். நான்தான் அம்மா போட்டேன், அவன் உன்னைக் கூப்பிடவில்லை, நான் அவனைக் கூப்பிட்டேன் என்று சொல். அழு. அவளும் அழுவாள், ஒருவேளை திட்டுவாள், திட்டினால் நல்லது, அதற்கு மூச்சு இருக்கிறது என்று அர்த்தம். பத்து மணிக்கு நாற்காலி. பிரிஜிட் வண்டியோடு வாசலில் நிற்பாள்.

இன்னொன்று. மெர்லின் போன பிறகு நாலாம் தரமாக உட்கார்ந்து எடுத்தேன். இருபத்திரண்டை எடுத்துவிட்டேன். இருபத்து மூன்றாவது, தொடக்கத்தில் அவன் "சித்தப்பா ரெடியா, இந்தத் தடவயாவது எங்களோட சேந்து ஆரம்பி" என்று சொல்லி எண்ணுவானே, நாம் வெட்ட மறந்த அந்தத் துண்டு. நீ ஒன்பது தரம் கேட்டது அதைத்தான். என் விரல் அதன் மேல் நின்றது, கேட்கவில்லை, எடுக்கவும் முடியவில்லை. அதை உனக்கு விட்டிருக்கிறேன். அம்மாவிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே உன் கையால் எடு. அழிந்து போகாது மகளே, நம் கண்ணில் படாமல் இருக்கும், அவ்வளவுதான். இருபத்து மூன்றின் பெயரையும் ஒரு அட்டையில் எழுதி என் கிடார் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். வெயில் காலத்தில் அம்மா தலையசைக்கிற அன்று நீ இங்கே இருக்க வேண்டும், முதல் பாட்டை நீ போட வேண்டும், தலையசைக்க அவளும் இருக்க வேண்டும்.

நம் நிலத்துத் தண்ணீர் உன் தலை மேல் இருக்கட்டும், முன்னோர் உன் பின்னால் நடக்கட்டும், வேளைக்குச் சாப்பிடு, கம்பளிக் காலுறை போடு, மதியத்தில் தனியாக உட்காராதே, அந்தக் கிழவிகளில் யாராவது ஒருத்தியோடு உட்கார். புதன், எட்டு மணி. மறந்துவிடாதே. வழக்கமாக இந்த இடத்தில் என் பட்டங்கள் ஒன்பதையும் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். இன்று அவை வேண்டாம்.

உன் சித்தப்பா,
கிளெமென்ட்