கலங்கல் தண்ணீரில் நிவேதா

ஜனவரி 8

இன்று மறுபடி சென்னைக்கு, கண் ஆஸ்பத்திரிக்கு. டாக்டர் நல்ல மனிதர், எங்களை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். என் மகள் நிவேதாவின் கண்ணுக்குள் இருக்கும் விழித்திரை தேய்ந்துகொண்டே வருகிறது. பிறவியிலேயே வந்தது. ஆபரேஷன் கிடையாது, மாத்திரை கிடையாது. இப்போது நேரே இருப்பது மட்டும் கொஞ்சம் தெரிகிறது, அதுவும் போய்விடும். எப்போது என்று கேட்டேன். "சொல்ல முடியாதும்மா" என்றார்.

ஒன்பது வயதுதான் ஆகிறது அவளுக்கு.

திரும்பி வரும்போது என் வீட்டுக்காரர் டாக்டர் சீட்டை மடிப்பதும் பிரிப்பதுமாகவே இருந்தார். நிவேதா ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெங்காய போண்டா தின்றுகொண்டு வந்தாள். அனுப்பம்பட்டில் இறங்கும்போது படி தெரியாமல் காலைக் காற்றில் வைத்தாள். நல்லவேளை, அவர் பிடித்துக்கொண்டார்.

ஜனவரி 11

பாவம், பாவம், பாவம். தெருவில் ஒருத்தி பாக்கியில்லை. அவள் எதிரிலேயே சொல்கிறார்கள். கண் தெரியாவிட்டால் காதும் கேட்காது என்று நினைப்பா? குழாயடியில் எதிர்வீட்டு ஜமுனாவிடம் நன்றாகக் கேட்டுவிட்டேன். இனி என்னோடு பேச மாட்டாள். பேச வேண்டாம்.

ஜனவரி 19

பொங்கல் கழிந்து இன்றுதான் இறால் பிடிக்க ஏரியில் இறங்கினேன். இறால் பரவாயில்லை. நிவேதா நாளெல்லாம் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாளாம். இப்படித்தான் உட்கார்ந்தே இருக்கப் போகிறாளா? எனக்குப் பிறகும்?

சாப்பிடும்போது கேட்டாள்: "தண்ணிக்குள்ள எறாவ எப்டிம்மா பாப்பே?"

"எங்க பாக்கறது? ஒரே கலங்கலு. கையாலதான் தடவிப் புடிப்போம்."

"அப்ப உனுக்கும் தெரியாதா?"



ஜனவரி 25

நிவேதாவையும் ஏரிக்குக் கூட்டிப் போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். பெரிய சண்டை. "கண்ணு தெரியாத கொழந்தைய தண்ணில எறக்குவியா? உனுக்கு இன்னா பைத்தியமா?" நானும் விடவில்லை. நீயும் நானும் செத்தப்புறம் அவ கைய யார் புடிச்சினு நிப்பா, சொல்லு பாப்போம்? தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார்.

ஜனவரி 26

கூட்டிக்கொண்டு போய்விட்டேன்.

பெண்கள் நாங்கள் வரிசையாக, முட்டியளவு தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்வோம். பறி என்னும் ஓலைக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் சேற்றைத் துழாவிக்கொண்டே போவது. அவளை எனக்கும், எப்போதும் என் பக்கத்தில் வரும் கஸ்தூரி அக்காவுக்கும் நடுவில் உட்கார வைத்தேன். அவள் கைமேல் என் கை. குளிரில் பல் கிட்டியது அவளுக்கு. ரொம்ப நேரம் ஒன்றுமே இல்லை. நத்தை ஓடு, பாசி, ஒரு பீங்கான் துண்டு. வீட்டுக்குப் போகலாமா என்று நானே கேட்க இருந்தேன்.

திடீரென்று கத்தினாள். "அம்மா, நெளியுது! கைக்கு அடியில நெளியுது!"

"அமுக்கு. உட்டுடாத. மெதுவா தலைப் பக்கமா புடி."

என் கையை எடுத்துவிட்டேன். எப்படி எடுத்தேன் என்று தெரியவில்லை, ஆனால் எடுத்துவிட்டேன். அவளாகவே பிடித்துத் தூக்கினாள். ஒரு உளுவை மீன். என் நடுவிரல் நீளம்தான் இருக்கும். அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோகவே இல்லை. கன்னத்தில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அது வாலால் மூக்கில் அடித்தது. இன்னும் சிரித்தாள்.

எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவது? அவள் பிறந்த அன்றுகூட வலியில் இவ்வளவு சந்தோஷப்பட்டேனா தெரியாது.

வீட்டில் அந்த ஒற்றை மீனைக் குழம்பு வைக்கச் சொன்னாள். வைத்தேன். விரலால் தடவி முள் எடுத்து, தன் நைனாவுக்கு ஊட்டினாள். அவர் தின்றார்.

பிப்ரவரி 9

வரிசையில் ஒருவர் கைக்கு முன்னால் அடுத்தவர் கை போகக் கூடாது; அவரவர் முன்னால் இருக்கும் இறால் குழி அவரவருக்கு. இவள் நேராகப் போவதாக நினைத்துக் குறுக்கே போய்விடுகிறாள். எல்லோரும் ஒதுங்கி வழி விடுகிறார்கள். "போட்டும் உடு, கொழந்த."

இன்று கஸ்தூரி அக்கா தன் பறியிலிருந்து இரண்டு இறாலை எடுத்து ஓசைப்படாமல் இவள் பறியில் போட்டது. நான் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன். கரைக்கு வந்து நிவேதா பறிக்குள் கை விட்டாள். ஒவ்வொன்றாகத் தடவினாள். "இந்த ரெண்டும் செத்துப்போச்சி. நான் புடிச்சது எல்லாம் துள்ளுது. இது என்துல்ல" என்று எடுத்து வீசிவிட்டாள்.

அக்கா முகம் சுண்டிவிட்டது. எனக்கும்தான்.

மார்ச் 9

நிவேதாவைக் கெளுத்தி மீன் குத்திவிட்டது.

உளுவை என்று நினைத்து மேலிருந்து அமுக்கியிருக்கிறாள். முதுகு முள் உள்ளங்கையில் ஏறிவிட்டது. சுடுதண்ணீரில் கையை வைத்தும் வலி அடங்கவில்லை. கை பன்னு மாதிரி வீங்கிவிட்டது. ஊசி போட்டுக்கொண்டு வந்தோம். அவள் அழவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டாள். அழுதது நான்தான்.

"இத்தோட சரி" என்றார் அவர். சத்தம்கூடப் போடவில்லை.

கண்ணுக்குப் பதிலா அவளுக்கு இருக்கறது அந்தக் கைதானே. அதையும் நானே கெடுத்துட்டேனா? என் வீம்புக்காகவா எறக்கினேன்? யாரோ பாவம்னு சொன்னாங்கன்றதுக்காகவா?

மார்ச் 10

கை இன்னும் சுடுகிறது. விரலை மடக்கச் சொன்னேன், முடியவில்லை.

மார்ச் 23

வீக்கம் வடிந்துவிட்டது. விரலெல்லாம் மடங்குகிறது. அம்மனுக்குக் கற்பூரம் ஏற்றினேன்.

அவளே போய் அவரிடம் கேட்டாள். "நைனா, கெளுத்தி வழவழன்னு இருக்கும், மீச இருக்கும். இனிமே தெரிஞ்சிடும். நான் ஏரிக்குப் போவட்டா?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அவ்வளவுதான் என்று நினைத்தேன். திரும்பி வந்து அவளைத் தோளில் தூக்கிக்கொண்டார். கரை வரை போய் இறக்கிவிட்டு, என்னைப் பார்க்காமலே வேலைக்குப் போய்விட்டார்.

ஏப்ரல் 17

காலையில் எழுந்து கேட்டாள்: "கரண்ட் இல்லியாம்மா?"

வீடு முழுக்க வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

ஏப்ரல் 20

ஏரிக்குப் போகவில்லை. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. யாரோடும் சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

ஏப்ரல் 29

"அம்மா, தண்ணி வத்தறதுக்குள்ள போலாமா?"

இதை மட்டும்தான் இன்று பேசினாள். போனோம்.

மே 18

இன்று வரிசையில் ஒரே கூச்சல். கஸ்தூரி அக்காதான். பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டு நிவேதாவைப் பார்த்துக் கத்துகிறது.

"இன்னாடி நெனச்சினு கீற? எங்கைக்கு முன்னால வந்து அள்ளினு போற! உங்கம்மா உனுக்கு வரிச சொல்லித் தர்ல? என் குழிடி அது!"

"நீ மெதுவா வர. நான் இன்னா பண்றது?" என்றாள் நிவேதா. இடுப்பில் கை வேறு.

"வாயப் பாரு! எல்லாம் பெரிய எறா. குடுடி அத்த!"

"தர மாட்டேன். நான் புடிச்சது."

வேறு நாளாக இருந்தால் என் பெண்ணை ஒரு சொல் சொன்னவளை நான் சும்மா விட்டிருக்க மாட்டேன். ஊருக்கே தெரியும் என் வாய். இன்று அப்படியே தண்ணீரில் உட்கார்ந்திருந்தேன். தனக்குப் போட்டியாக வந்த ஒருத்தியைத் திட்டுவதுபோல அல்லவா திட்டுகிறது அக்கா!

அக்கா என் பக்கம் திரும்பியது. "இன்னாடி, பொண்ணக் கேக்காம குத்துக்கல்லாட்டம் குந்தினு கீற?"

"திட்டுக்கா" என்றேன். "இன்னும் நல்லாத் திட்டு."