மூன்று சோபாவும் ஒரு பாயும்

ஜூன் 3

இதனால் சகலமானவர்க்கும் அறிவிப்பது யாதெனில்: நெடுநாளாக நோய்வாய்ப்பட்டிருந்த எனது இடது கால் செருப்பு, இன்று காலை ஏழே முக்காலுக்குப் பேருந்துப் படிக்கட்டில் வார் அறுந்து இயற்கை எய்தியது. வலது கால் செருப்பு ஆழ்ந்த துயரத்தில் இருக்கிறது.

சின்னச் செய்தி ஒன்றும் உண்டு. கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்துவிட்டது. கட்டணம் கட்டத்தான் வழியில்லை. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டும். கிடைக்காவிட்டால் மாமாவின் டயர் கடை. "மாப்ளே, உனக்குன்னு ஒரு ஸ்பேனர் எடுத்து வச்சிருக்கேன்" என்று இப்போதே போன் பண்ணுகிறார். பாசத்தில் இப்படியும் ஒரு வகை.

ஜூன் 5

விண்ணப்பம் பன்னிரண்டு பக்கம். பதினோராம் கேள்வி: குடும்பச் சூழலை விவரிக்கவும்.

விவரித்தேன் பாருங்கள்! "எங்கள் வீட்டில் உட்கார ஓர் இருக்கை கிடையாது. பதினேழு ஆண்டுகளாகத் தரையில் அமர்ந்தே படித்து வருகிறேன்." எழுதிவிட்டு நானே மூக்கை உறிஞ்சினேன்.

அக்கா தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"டேய், முன்னறையில மூணு சோபா கிடக்கேடா."

"அதெல்லாம் நம்மளுதா?"

"இல்ல."

"அதுல என்னைக்காவது உட்கார்ந்திருக்கியா?"

"இல்ல."

"அப்ப நான் எழுதினது பொய்யா?"

"பொய் இல்ல. ஆனா உன் மூஞ்சியைப் பார்த்தா பொய் மாதிரியே இருக்கு."

அப்பா சோபா ரிப்பேர் செய்பவர். முன்னறைதான் பட்டறை. எங்கள் வீட்டுக்கு ஒரே ஒரு சட்டம்: கஸ்டமர் சோபாவில் யாரும் உட்காரக் கூடாது. நாலு வயதில் ஒரு முறை ஏறிக் குதித்தேன். விழுந்த அறையின் ஓசை இன்னும் இடது காதில் குடியிருக்கிறது, வாடகை கூடத் தருவதில்லை.

'தந்தையின் தொழில்' என்ற கட்டத்தில் 'சுயதொழில்' என்று எழுதினேன்.

"சோபா ரிப்பேர்னு எழுதேன்டா."

"கட்டம் சின்னது, இடம் பத்தாது."

ஜூன் 6

அனுப்பியாச்சு. தபால்பெட்டிக்கு ஒரு முத்தம் கொடுத்தேன். பின்னால் நின்றவர் வேறு பெட்டி தேடிப் போய்விட்டார்.

ஜூன் 19

கடிதம் வந்தது. வியாழக்கிழமை ஓர் அதிகாரி வீட்டை நேரில் பார்க்க வருகிறாராம். நல்லது, வரட்டும், தரையைப் பார்க்கட்டும்.

ஜூன் 21

ஐயோ.

ஒரு லாட்ஜ் முதலாளி தன் வரவேற்பறை சோபாக்களை இறக்கிவிட்டுப் போயிருக்கிறார். மூன்று. சிவப்பு வெல்வெட், தங்க நிறக் கால்கள். ராஜா இல்லாத குறைதான். வண்டி சனிக்கிழமைதான் திரும்ப வரும்.

பழைய போர்வையால் மூடினேன். அம்மா உருவிவிட்டாள். "மூடி வச்சா எதையோ ஒளிக்கிறோம்னு நினைப்பாங்கடா." அம்மா, நாம ஒளிக்கத்தானே வேணும்!

ஜூன் 22, வியாழன்

மறக்கிறதுக்குள்ள எழுதிடறேன்.

பத்தரை மணிக்கு வந்தார் அந்த அதிகாரி அம்மா. மூக்குக் கண்ணாடி, பெரிய கைப்பை. வாசலில் நின்று வெல்வெட்டைப் பார்த்தார், கையிலிருந்த தாளைப் பார்த்தார், மறுபடி வெல்வெட்டைப் பார்த்தார்.

"உட்கார ஓர் இருக்கை கிடையாது?"

அவர் பெருமூச்சு விட்டு நடு சோபாவில் உட்காரப் போனார். அப்பா, அம்மா, அக்கா, நான், நாலு பேரும் ஒரே குரலில்:

"உட்காராதீங்க!"

அப்படியே பாதியில் நின்றார். உட்காரவும் இல்லை, நிமிரவும் இல்லை.

"மன்னிச்சுக்கங்க மேடம்" என்றார் அப்பா. "கஸ்டமரோடது. நேத்துதான் ஸ்பிரிங் கட்டினேன்." அம்மா ஓடிப்போய்ப் பாயை விரித்தாள். அவர் பாயில் உட்கார்ந்தார். பழக்கதோஷத்தில் நாங்களும் உட்கார்ந்தோம்.

"நீங்க எப்பவும் இப்படித்தானா?"

"எப்பவுமேதான்" என்றாள் அக்கா. "இவன் மட்டும் ஒரு தடவை குதிச்சான்."

அப்பா ஒரு சோபாவைக் கவிழ்த்து, நாடா எப்படிப் பின்னுவது, வளைந்த ஊசி எதற்கு என்று அரைமணி நேரம் சொன்னார். நான் கேட்டபோதுகூட இவ்வளவு சொன்னதில்லை. நான் எப்போது கேட்டேன்?

கிளம்பும்போது அவர் என் பக்கம் திரும்பினார். "இவ்வளவு நல்ல தொழிலை ஏன் தம்பி எழுதல?"

"கட்டம் சின்னது, மேடம்."

பேனாவை எடுத்துத் தாளில் ஏதோ எழுதினார். செத்தேன். ஸ்பேனரே, வா.

ஜூலை 10

கிடைச்சிடுச்சு! கிடைச்சிடுச்சு!

தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது: எல்லாம் என் பதினோராம் பதிலின் மகிமை. என் சோக ரசத்தில் அலுவலகமே கரைந்து ஓடியதாகக் கேள்வி. மாமாவுக்கும் போன் பண்ணி, ஸ்பேனரைக் காட்சிக்கு வைக்கச் சொன்னேன்.

ஜூலை 11

கடிதத்தோடு விண்ணப்பத்தின் நகலும் இருந்தது. இன்றைக்குத்தான் பிரித்துப் பார்த்தேன்.

என் பதினோராம் பதிலின் மேல் குறுக்காக ஒரு கோடு. ஓரத்தில் ஒரே சொல்: 'மிகை'. அதன் கீழே அந்த அம்மாவின் கையெழுத்து: "தந்தை சொல்லும் ஒவ்வொன்றும் உண்மை. இருக்கைகள் வாடிக்கையாளருடையவை. குடும்பமே பாயில்தான் அமர்கிறது. நேரில் கண்டேன். பரிந்துரைக்கிறேன்."

மகிமையாவது மண்ணாவது.

முதல் பக்கத்தில் என் 'சுயதொழில்' அடிக்கப்பட்டிருக்கிறது. பக்கத்திலேயே, அதே கட்டத்துக்குள், என் எழுத்தைவிடப் பெரிய எழுத்தில், 'சோபா பழுதுபார்ப்பவர்'. அதற்கப்புறமும் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் மிச்சம்.

அப்பா வாங்கிப் பார்த்தார். "மேடம் கையெழுத்து நல்லாயிருக்குல்ல?" என்று அந்தக் கட்டத்தையே இரண்டு முறை படித்துவிட்டுக் கொடுத்தார். அடித்திருந்த சொல்லைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்திருக்கலாம்.

பள்ளிக்கூடத்தில் யாராவது "உங்கப்பா என்ன பண்றார்"னு கேட்டா "ஃபர்னிச்சர் பிசினஸ்"னு சொல்லிட்டுத் திரிஞ்சவன் நான். அக்காவுக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும்போல.

சரி, இங்கேயாவது உள்ளதை எழுதுகிறேன். கட்டத்தில் இடம் இருந்தது. அன்றைக்கே பார்த்தேன்.