நீங்கள் அடித்து வைத்த பங்க்

சாமி அறையில் இருந்தது மூன்று பேர். நான், என் தம்பி மனைவி, அவள் மடியில் ஐந்து மாதக் குழந்தை. போனில் இருந்த தம்பியையும் சேர்த்தால் நான்கு. மணி நாலு பத்து.

"அக்கா, மலைக்கு முன்னாடியே டீசல் போட்டுக்கினு போவட்டா, இல்ல ஏறி எறங்கி அந்தாண்ட போடட்டா?" என்று கேட்டான். நம் வண்டிதான். கும்மிடிப்பூண்டியில் ஏற்றிய கம்பி லோடு, நாக்பூருக்குப் போகிறது. நீங்கள் போன பிறகு அவன் தனியாக ஓட்டும் முதல் தூரப் பயணம். இதுவரை வழியெல்லாம் அவனே பார்த்துக்கொண்டான்.

முருகன் படத்துக்குக் கீழே வைத்திருந்த டீசல் கணக்கு நோட்டைப் பிரித்தேன். டீசல் வாசனை. உங்கள் சட்டைகளில்கூட அது போய்விட்டது, நோட்டில் போகவில்லை. எங்கே போடுவது, எத்தனை லிட்டர் என்று நான் அதில் கணக்குப் போட்டுத் தருவேன். நீங்கள் வண்டியில் வைத்துக்கொள்வீர்கள். மலைக்கு முன்னால் இருக்கும் பங்க்கின் பெயர் மேல் உங்கள் பென்சில் கோடு. இரண்டு தரம் அழுத்தி அடித்திருக்கிறீர்கள். காரணம் எழுதவில்லை.

லோடுக்காரர்கள் கொடுத்த டீசல் கார்டு ஒரே கம்பெனி பங்க்கில்தான் செல்லும். மலைக்கு முன்னால் நீங்கள் அடித்த அது ஒன்றுதான். அடுத்தது அறுபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி, மலைக்கு அந்தப் பக்கம். கையில் இருந்த பணத்தைத் தம்பி வழியில் டயருக்குக் கொடுத்துவிட்டான், அனுப்ப என்னிடமும் இல்லை. மிச்சமிருக்கும் டீசலுக்கு வண்டி எழுபது ஓடும். அது சமதளத்துக் கணக்கு.

அந்த ஏற்றம் எனக்குத் தெரியும். ஒருமுறை காலி வண்டிக் கணக்கை லோடு வண்டிக்குப் போட்டுத் தந்துவிட்டேன். அங்கேதான் டேங்க் காய்ந்து, பைப்பில் காற்று ஏறி நின்றீர்கள். கை பம்ப் அடித்துக்கொண்டே கூப்பிட்டீர்கள். "இன்னாம்மா, சோத்துக்கு மட்டும் அரிசிய கரெக்டா அளக்குற?" நான் அழுதேன். "அழாத. பின்னாடி நிக்கிறவன் ஹாரனே தாங்கல, இதுல உன் ஹாரன் வேறயா" என்றீர்கள். அன்றுதான் நோட்டுப் பக்கத்தின் நடுவே கோடு போட்டு இரண்டாகப் பிரித்தேன், காலிக்கு ஒன்று, லோடுக்கு ஒன்று.

பிறகு ஒரு நாள் எந்தப் பங்க் என்று சந்தேகம் வந்து சாமி முன்னால் சீட்டு எழுதிப் போட்டேன். "அவரு மயில்ல போறவரும்மா, அவர டீசல் பஞ்சாயத்துல இழுக்காத" என்று சிரித்தீர்கள். இன்றும் கை சீட்டுக்குத்தான் போனது. மடக்கிக்கொண்டேன்.

அந்தப் பென்சில் கோடு கடைசிப் பயணத்தில் போட்டது. வீட்டுக்கு வந்ததும், "நோட்டுல ஒண்ணு அடிச்சி வச்சிருக்கேன், அப்புறம் சொல்றேன்" என்றீர்கள். முகம் வாடியிருந்தது. தூங்கி எழட்டும், கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டேன். நீங்கள் எழவில்லை.

"எதுன்னா ஒண்ணு சொல்லுங்க அண்ணி" என்றாள் தம்பி மனைவி. "நீங்க சொல்லாம அவரு வண்டிய எடுக்க மாட்டாரு. பொழுது போய் அந்த ஏத்தத்துல நின்னுட்டா, பின்னாடி வர்றவனுக்குக் கண்ணு தெரியுமா?" குழந்தையைத் தட்டும் கை நிற்கவே இல்லை.

தம்பியிடம், "ஒரு டீ குடி, அரை மணியில சொல்றேன்" என்றேன்.

"இன்னாத்துக்கு அரை மணி? மாமாவ கேட்டுக்கினு வந்து சொல்லப் போறியா?"

ஆமாம். அதற்குத்தான் கோட்டுக்குப் பக்கத்திலேயே இதை எழுதுகிறேன். அங்கே டீசலில் தண்ணீர் இருந்ததா? அளவு குறைத்தார்களா? இல்லை, யாரோடாவது சண்டையா? சண்டைதான் என்றால் அவன் அங்கேயே போட்டுக்கொள்ளட்டும். தண்ணீர் என்றால் மலையில் இன்ஜினே போய்விடும். தெரியாததைத் தெரிந்ததுபோல டிரைவரிடம் சொல்லக் கூடாது என்பதை உங்களிடம்தான் கற்றேன். அதை இன்னும் விடவில்லை.

நாலு முப்பத்தைந்து ஆகிவிட்டது. விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். மலைக்கு முன்னாலா, தாண்டியா? சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.