அஞ்சு வெள்ளி

கயல்விழி,

இட்லி பானையிலேயே இருக்கிறது. சட்னி அரைக்கவில்லை, பொடி போட்டுக்கொள். சாவியை நீலாவதி அத்தையிடம் கொடுத்துவிட்டு ஸ்கூலுக்குப் போ. ஸ்ரீமுஷ்ணம் போன உன் அப்பா அம்மா மதியம் வந்துவிடுவார்கள்.

நேற்றுச் சாயங்காலம் கையை மூடிக்கொண்டு ஓடிவந்தாய். "பெரியப்பா, அத்தை வூட்டுக்கு வந்த சிங்கப்பூரு அக்காவுக்குப் பீங்கான் பொம்மையெல்லாம் பேப்பர் சுத்திக் கட்டிக் குடுத்தேன். அஞ்சு வெள்ளி குடுத்தாங்க" என்றாய். எனக்கு வெள்ளி என்றால் கொலுசும் குங்குமச் சிமிழும்தான். "அடுத்த வூட்டு வெள்ளியில கை வைக்கிறதா நம்ம வூட்டுப் பொண்ணு? குடுத்துட்டு வா" என்று தெருவே கேட்கக் கத்தினேன். நீ ஏதோ சொல்ல வந்தாய். விடவில்லை.

இப்போது பால் வாங்கப் போனபோது நீலாவதி சிரித்துவிட்டாள். "அங்கெல்லாம் டாலரத்தான் வெள்ளின்னு சொல்லுவாங்க அண்ணே. அது புள்ள செஞ்ச வேலைக்குச் சம்பளம். அழுதுகிட்டே நோட்ட வச்சிட்டுப் போச்சு."

உன்னை எழுப்பத் துணிவு வரவில்லை. அந்தச் சிங்கப்பூர்ப் பெண் நோட்டை எடுத்துக்கொண்டு ரயிலுக்குக் கிளம்பிவிட்டாளாம், ஜங்ஷனுக்குப் போகிறேன். இதுவரை யாரிடமும் கைநீட்டியதில்லை. உன் சம்பளத்தை இன்று நானே கேட்டு வாங்குகிறேன். வண்டி போயிருந்தால் என்ன செய்வதென்று தெரியவில்லை.

பெரியப்பா

ஒரு வெள்ளிக்கு எத்தனை ரூபாய் என்று நீ கேட்டுத் தெரிந்துகொண்டாயாம். எனக்கும் சொல். என்னோடு பேசப் பிடிக்காவிட்டால் இந்தச் சீட்டின் பின்பக்கம் எழுதி வை.