மழைக்காலத்தில் ஓட முடியாதவளுக்கு

அன்புள்ள எஸ்தர் மதினிக்கு,

நீங்கள் கர்த்தரிடம் போய் மூன்று மாதம் ஆகிறது. அண்ணன் சாப்பிடுகிறார். ஆனால் குழம்பில் உப்பு இல்லை என்று இப்போது யாரிடமும் சண்டை போடுவதில்லை.

கோவில்பட்டியில் அதே மைதானத்தில் மறுபடியும் பிரசங்கக் கூட்டத்துக்குக் கூடாரம் போட்டிருக்கிறார்கள். இந்தத் தடவை கேசட்டும் விற்கிறார்கள். தீர்க்கதரிசனப் படம் வரைந்த அந்தச் சீலையும் வந்திருக்கிறது. அதே நான்கு மிருகங்கள், அதே வருஷக் கோடு. உலகம் முடிகிற வருஷம் எழுதியிருந்த இடத்தில் மட்டும் புதுத் துணி ஒன்றை வைத்துத் தைத்திருக்கிறார்கள். பார்த்ததும் உங்கள் சிரிப்புதான் காதில் கேட்டது.

பத்து வருஷத்துக்கு முன் எனக்குச் சிரிப்பு வரவில்லையே மதினி. தலைப்பிரசவத்துக்கு நம் வீட்டுக்கு வந்திருந்தேன், எட்டு மாதம். பிரசங்கியார் சீலையைக் குச்சியால் தொட்டுக் காட்டி, வருஷக் கடைசிக்குள் எல்லாம் முடிந்துவிடும் என்றார். அந்த நாட்களில் கர்ப்பிணிகளுக்குக் கேடு என்று ஆண்டவரே சொல்லியிருப்பதாகவும் சொன்னார். என்னைப் பார்த்துச் சொன்ன மாதிரியே இருந்தது. அன்றிலிருந்து உபவாசம் என்று சோற்றை ஒதுக்கினேன். பிள்ளைக்கு எடை போதவில்லை என்று டாக்டரம்மா திட்டியும் கேட்கவில்லை.

நீங்கள் சரித்திர டீச்சர். பாளையங்கோட்டை போய்க் கல்லூரி நூலகத்திலிருந்து இரண்டு தடிப் புத்தகங்களை இரவல் வாங்கிவந்து அடுப்படியில் உட்கார்ந்தீர்கள். பிரசங்கியார் கணக்குக்கு ஆதாரமான, தானியேல் தீர்க்கதரிசி சொன்ன வாரங்களை எந்த ராஜாவின் கட்டளையிலிருந்து எண்ணுவது என்பதிலேயே ஆதித் திருச்சபைப் பெரியவர்கள் ஒத்துப்போகவில்லையாம். "எங்க ஆரம்பிக்கணும்னே முடிவாகல. எங்க முடியும்னு மட்டும் இவியளுக்குத் தெரியுதாக்கும்" என்றீர்கள். நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்புறம்தான் அந்த ஐப்பசி மழை. ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பினோம். பஸ் நம்மை மெயின் ரோட்டு விலக்கில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. ஊருக்குப் போகிற வண்டிப்பாதை முழுக்கக் கரிசல் சேறு. அடிக்கு அடி மண் அப்பி, காலைத் தூக்க முடியாமல் பாதி வழியில் நின்றுவிட்டேன். நீங்கள் குனிந்து ஒரு குச்சியால் என் கால் மண்ணை வழித்துக்கொண்டே கேட்டீர்கள்.

"ஏட்டி ஜெயா, இப்ப பின்னால ரோமாபுரிப் பட்டாளம் வருதுன்னு வையி. ஓடிருவியா?"

"நடக்கவே முடியல மதினி. எங்க ஓட?"

"அதத்தான் ஆண்டவரும் சொன்னாரு. எருசலேமப் பட்டாளம் சுத்தும்போது மலைக்கு ஓடுங்கன்னாரு. கேடுன்னது, மாசமா இருக்கவ எப்படி ஓடுவான்னு மனசு கேக்காமச் சொன்ன வார்த்தை அது. ஓடுற நாளு மழைக்காலத்துல வந்துரக் கூடாதுன்னு வேண்டிக்கிடவும் சொல்லியிருக்காரே. சபிக்கிறவரு மழையப் பத்தியா கவலப்படுவாரு?"

இனிமேல் வரப்போகிற காலத்துக்கும் அது பொருந்தும் என்று சில பெரியவர்கள் எழுதியிருப்பதை நீங்கள் மறைக்கவில்லை. ஆனால் எருசலேம் சபையார் அந்தக் காலத்திலேயே நடந்து முடிந்த அந்த யுத்தத்துக்கு முன்பே யோர்தானுக்கு அக்கரையில் பெல்லா என்ற ஊருக்குப் போய்ப் பிழைத்ததாகப் பழைய சபைச் சரித்திரத்தில் இருப்பதை, நடந்துகொண்டே சொன்னீர்கள். அவர்களில் பிள்ளைத்தாய்ச்சிகளும் இருந்திருப்பார்கள், யாரோ கைபிடித்துக் கூட்டிப் போயிருப்பார்கள் என்றீர்கள். கடைசியில் சொன்னது புத்தகத்தில் இருந்ததா, உங்கள் சொந்தச் சரக்கா? நான் கேட்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் ஈரச் சேலையோடு உட்கார்ந்து கம்பஞ்சோறும் கருவாட்டுக் குழம்பும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அம்மா பரிமாறிக்கொண்டே அழுதாள்.

அன்று என் வயிற்றில் இருந்த உங்கள் மருமகள் ரூபி இப்போது உங்களைப் போலவே எதிர்க்கேள்வி கேட்கிறாள். அவள் உங்களால் பிழைத்தவள் மதினி. நேரில் சொல்லியிருந்தால் "போட்டி அங்கிட்டு" என்று விரட்டியிருப்பீர்கள். இப்போது விரட்ட முடியாது, அதனால் சொல்கிறேன்.

எதிர்வீட்டு மேரிக்கு ஏழு மாதம். கூடாரத்துக்குப் போய் வந்ததிலிருந்து அவளும் சாப்பிடுவதில்லை. நேற்றுப் போனேன். "பயமா இருக்குக்கா" என்றாள். வாரக் கணக்கைச் சொல்லப் பார்த்தேன். எந்த ராஜாவிலிருந்து எண்ணுவது என்று மறந்துவிட்டது. இனி யாரிடம் போய்க் கேட்பேன்?

இன்று காலையிலிருந்து மழை. கருவாட்டுக் குழம்பு வைத்திருக்கிறேன். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை அந்த வீட்டை விட்டு எழுந்திருக்க மாட்டேன். பெல்லாவுக்குப் போனவர்களின் கதையை உங்கள் சொந்தச் சரக்கோடு சேர்த்தே சொல்வேன். அவள் ஓடவேண்டிய நாள் என்று ஒன்று வந்தால், அது எந்த வருஷமானாலும், அவள் காலில் ஒட்டிய மண்ணை நான் குனிந்து வழித்துவிடுவேன்.

உங்கள் கையைப் பிடித்துக் கரை சேர்ந்த நாத்தனார்,
ஜெயா